இரண்டு டிஸ்க்கிலும் அம்மா

அம்மா செத்து எட்டு மாதம் கழித்து, கிளிநொச்சி ரவுணில் ஒரு கணினிக் கடைக்குள், பத்துப் பேர் முன்னிலையில் என்னை ஏசினார்.

"இதென்ன சொதியோ, கடல் தண்ணியோ? ஊருக்கெல்லாம் கணக்குப் படிப்பிக்கிற ரீச்சருக்கு உப்புக் கணக்குத் தெரியாதே?"

கடையின் நடுவில் மாட்டியிருந்த பெரிய திரையில், கையில் சோற்றுக் கோப்பையோடு அம்மா என்னை நேரே பார்த்துக்கொண்டிருந்தார். சத்தத்தை வேறு யாரோ நன்றாகக் கூட்டி வைத்திருந்தார்கள். போட்டோக்கொப்பி எடுக்க வந்து நின்ற ஒரு ஐயா திரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்த ரீச்சர் நான்தான் என்பது அவருக்கு விளங்கிவிட்டது. பக்கத்தில் நின்ற அக்கா வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். அம்மா போன நாளிலிருந்து அக்கா சிரித்து நான் காணவில்லை. அதனால் சத்தத்தைக் குறைக்கச் சொல்ல வாயெடுத்தவள் பேசாமல் நின்றேன்.

நாங்கள் அன்றைக்குப் போனது வீட்டில் வைத்துக்கொள்ளும் சேமிப்புப் பெட்டி ஒன்று வாங்க. உள்ளே டிஸ்க்குகளைப் பூட்டி, இணையம் வருகிற ரூட்டரோடு கொழுவிவிட்டால், அதில் ஏற்றி வைத்த படங்களையும் வீடியோக்களையும் வீட்டுத் தொலைக்காட்சியிலேயே எடுத்துப் பார்க்கலாம். கடைக்காரர் அதை 'நாஸ்' என்றார். என் கணவரும் மூன்று கிழமையாக நாஸ், நாஸ் என்றுதான் உருப்போட்டுக்கொண்டிருந்தார். மண்வெட்டிக்குப் பிடி வாங்குவதற்கே நாலு கடை ஏறி இறங்குகிற மனிதர் அவர். இதற்கு என் பழைய பாடக் குறிப்புப் புத்தகம் ஒன்றை எடுத்து, கோடு போட்டு, எந்தப் பெட்டி எவ்வளவு மின்சாரம் இழுக்கும், எவ்வளவு சத்தம் போடும் என்றெல்லாம் எழுதியிருந்தார். நான் திருத்துகிற கொப்பிகளில்கூட அவ்வளவு வடிவான எழுத்தைக் கண்டதில்லை.

எங்களுக்கு ஏன் இந்தப் பெட்டி என்று சொல்வதற்கு முதல் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்களிடம் அப்பாவின் படம் ஒன்றுகூட இல்லை. நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே அவர் நோயில் போய்விட்டார். ஒரு ஆல்பம் இருந்தது. அதில் ஒரு படத்தில் அப்பாவும் அம்மாவும் கலியாணக் கோலத்தில் விறைத்துக்கொண்டு நின்றார்கள். இன்னொரு படத்தில் அப்பா குளக்கட்டில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். போரின் கடைசி இடப்பெயர்வின்போது அம்மா நகையை இரண்டு பங்காக்கி, ஒரு முடிச்சை அக்காவின் இடுப்பிலும் மற்றதை என் இடுப்பிலும் கட்டினார். ஒன்று போனாலும் ஒன்று மிஞ்ச வேண்டும் என்றார். நகையைப் பிரித்துக் கட்டத் தெரிந்த எங்களுக்கு ஆல்பத்தைப் பிரிக்கத் தோன்றவில்லை. அது முழுதாக அக்காவின் பைக்குள் போனது. அந்த வழியில் எனக்குக் கடும் காய்ச்சல். பாதி ஞாபகத்தில் இல்லை. போய்ச் சேர்ந்த இடத்தில் பார்த்தால் அக்காவின் தோளில் பை இல்லை. "விட்டிட்டன்" என்று மட்டும் சொன்னார். ஒரு ஆல்பத்தைப் பத்திரமாகக் கொண்டுவரத் தெரியாதா என்று அன்றைக்கு ஏசினேன். பிறகும் கோபம் வந்த நேரமெல்லாம் அதையே இழுத்து ஏசியிருக்கிறேன். அக்கா ஒருநாளும் மறுத்துச் சொன்னதில்லை.

இப்போது அப்பாவின் முகத்தை நினைத்தால் எனக்கு மூக்குக் கண்ணாடி ஞாபகம் வருகிறது, சைக்கிள் ஞாபகம் வருகிறது. முகம் சரியாக வருவதில்லை. குரல் சுத்தமாக இல்லை. பெற்ற தகப்பனின் குரலை மறந்துபோனேன் என்று எழுத எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஆகையால் போர் முடிந்து எங்கள் ஊரான ஸ்கந்தபுரத்துக்குத் திரும்பி வந்து, கையில் படம் பிடிக்கிற தொலைபேசியும் வந்த பிறகு, அம்மாவை நாங்கள் விடவில்லை. அம்மா முருங்கையிலை உருவினால் வீடியோ. அம்மா கோழிக்குக் குறுணி எறிந்தால் வீடியோ. அம்மா ஒன்றும் செய்யாமல் கதிரையில் இருந்து நித்திரை தூங்கினால் அதுவும் வீடியோ. "என்னடி, நெடுக உந்தப் போனைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறியள்? நானென்ன மந்திரியே?" என்று ஏசுவார், அந்த ஏச்சும் பதிவாகிவிடும். அக்கா கலியாணம் கட்டவில்லை. கடைசிவரை அம்மாவோடு இருந்தது அவர்தான். அவர்கள் வீடும் எங்கள் வீடும் ஒரே காணிக்குள், நடுவில் கிணறு. அக்காவின் தொலைபேசியில் ஒரு தொகை, என்னுடையதில் ஒரு தொகை என்று நானூறுக்கு மேல் வீடியோக்கள் சேர்ந்திருந்தன.

அம்மா போய் ஏழாம் மாதம் அக்காவின் தொலைபேசி தண்ணீர் வாளிக்குள் விழுந்தது.

அக்கா ஈரச் சேலையோடு கிணற்றடியைத் தாண்டி ஓடி வந்தார். "பிள்ளை, அம்மா போயிட்டா" என்றார். அம்மா போய் ஏழு மாதம் ஆகிறதே, இவருக்கு என்ன நடந்தது என்று பயந்துபோனேன். பிறகுதான் கையிலிருந்த தொலைபேசியிலிருந்து தண்ணீர் சொட்டுவதைக் கண்டேன். என் கணவர் அதை வாங்கித் துடைத்து அரிசி ரின்னுக்குள் புதைத்து வைத்தார். மூன்று நாள் அக்கா எங்கள் குசினியில் அந்த ரின்னுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு, ஆஸ்பத்திரி வாட்டில் நோயாளிக்குப் பக்கத்தில் இருப்பவர் மாதிரி இருந்தார். நாலாம் நாள் தொலைபேசி உயிர்த்தது. எல்லா வீடியோவும் இருந்தன. ஆனால் அந்த மூன்று நாளில் எங்கள் மூவருக்கும் ஒன்று தெளிவாகிவிட்டது: அப்பாவைத் தொலைத்த மாதிரி அம்மாவையும் தொலைக்கக் கூடாது.

இணையத்தில் எங்கேயாவது ஏற்றி வைக்கலாம், மாதம் மாதம் கட்டினால் போதும் என்று இவர் முதலில் சொன்னார். அக்காவுக்கு அது பிடிக்கவில்லை.

"அதெங்க இருக்கும்?"

"வெளிநாட்டில எங்கையாவது ஒரு பெரிய கட்டடத்தில இருக்கும் மச்சாள்."

"அப்ப ஆரோ ஒராளின்ர வீட்டில அம்மாவை விட்டுட்டு, மாதம் மாதம் வாடகை கட்டிப் போய்ப் பாக்கிறதோ? அம்மா என்ர வீட்டில இருக்கட்டும்."

குறிப்புப் புத்தகம் திறக்கப்பட்டது அன்றைக்குத்தான்.

தெரிவு கடைசியில் இரண்டு பெட்டிகளில் வந்து நின்றது. ஒன்று விலை குறைவு. அதையே எடுத்துவிடலாம் என்று நான் நின்றேன். இவர் ஒரு விடயத்தைக் கண்டுபிடித்து வைத்திருந்தார். அக்கா வீட்டுத் தொலைக்காட்சி பழையது. என் புதிய தொலைபேசியில் எடுத்த வீடியோக்களை அதற்கு வாசிக்கத் தெரியாது. பெட்டிக்கே பலம் இருந்தால் வீடியோ ஓட ஓட அதற்கு விளங்குகிற மாதிரி மாற்றி அனுப்பும்; பலம் இல்லாவிட்டால் திணறும். சொன்னால் நான் நம்ப மாட்டேன் என்று தெரிந்து, அம்மாவின் வீடியோ ஒன்றைப் பென்டிரைவில் போட்டுச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்திருந்தார். நானூறு வீடியோவில் அந்தச் சொதி வீடியோவை எடுத்தது தற்செயல் என்று இன்றைக்கும் சாதிக்கிறார். நான் நம்பவில்லை.

கடைக்காரர் நல்ல பொறுமைசாலி. முதலில் விலை குறைந்த பெட்டியில் போட்டுக் காட்டினார். "இதென்ன சொ..." என்று அம்மா தொடங்கினார், நின்றார். கோப்பை அந்தரத்தில் நின்றது. மறுபடி "இதென்ன சொ..." மறுபடி நின்றது.

"தம்பி, என்ர அம்மா ஒரு நாளும் இப்பிடித் திக்கினவா இல்லை," என்றார் அக்கா. "இது வேண்டாம்."

விலை கூடிய பெட்டியில்தான் அம்மா தடையில்லாமல், மூச்சு விடாமல், உப்பில் தொடங்கி என் கைப்பக்குவம் முழுவதையும் இழுத்து ஏசி முடித்தார். ஏச்சு முடிந்ததும் அக்கா, "இது நல்ல பெட்டி," என்றார்.

பெட்டி தீர்ந்த பிறகு டிஸ்க்கில் பிரச்சினை வந்தது. அதில் இரண்டு டிஸ்க் போடலாம். இரண்டையும் சேர்த்து ஒரே பெரிய இடமாகப் பாவிக்கலாம். அல்லது ஒன்றில் இருப்பது அப்படியே மற்றதிலும் இருக்கும்படி வைக்கலாம். அப்படி வைத்தால் இடம் பாதிதான். நான் கணக்கு ரீச்சர். இரண்டு டிஸ்க்குக்குக் காசு கொடுத்துவிட்டு ஒன்றின் இடத்தைப் பாவிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

"ஒரே சாமானை ரெண்டு தரம் வைக்கிறது வீண். சேர்த்துப் போடுங்கோ," என்றேன்.

அக்கா கடைக்காரரிடம் கேட்டார்: "சேர்த்துப் போட்டால், ஒரு டிஸ்க் பழுதாப் போச்செண்டா?"

"அப்ப மற்றதில இருக்கிறதும் எடுக்கேலாமப் போகலாம் அம்மா."

"மற்ற மாதிரிப் போட்டால், ரெண்டிலையும் அம்மா முழுசா இருப்பாவோ?"

"ஓம். ரெண்டிலையும் முழுசா."

"அப்ப அப்பிடிப் போடுங்கோ தம்பி. இவள் சொல்லுறதைக் கேக்காதேங்கோ."

வீடு வந்து சேரும்வரை நான் அக்காவோடு கதைக்கவில்லை. அக்கா அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வெளியே வயலைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

ரூட்டர் எங்கள் வீட்டில் இருந்ததால் பெட்டியும் எங்கள் வீட்டில்தான் இருக்க வேண்டியிருந்தது. அக்காவுக்கு அது ஒரு குறைதான், வாய்விட்டுச் சொல்லவில்லை. இவர் கிணற்றடி ஓரமாக வாய்க்கால் வெட்டி, குழாய் தாழ்த்து, அதற்குள்ளால் அக்கா வீட்டுக்கு வயர் இழுத்துக் கொடுத்தார். பெட்டியில் இருந்து டிஸ்க்கை மேசை லாச்சி மாதிரி இழுத்து எடுப்பது எப்படி, திரும்பப் போடுவது எப்படி என்று காட்டும்போது அக்கா குனிந்து நின்று கவனமாகப் பார்த்தார். "கிணத்தில எனக்குப் பாதிப் பங்கு மாதிரி இதிலயும் எனக்குப் பாதி," என்றார் சிரித்துக்கொண்டு. நாங்களும் சிரித்தோம். அவர் அதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

அதற்குப் பிறகு வந்த மாதங்கள் நல்லவை. பின்னேரம் நாலு மணிக்கு அக்கா தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு தொலைக்காட்சிக்கு முன்னால் இருப்பார். முன்பு அம்மாவும் அவரும் தேத்தண்ணி குடிக்கிற நேரம் அது. கிணற்றடி தாண்டி அம்மாவின் குரல் எங்கள் வீட்டுக்குக் கேட்கும். ஒருநாள் நான் கொப்பி திருத்திக்கொண்டிருந்தபோது அம்மா என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். "ஓம் அம்மா, வாறன்" என்று பேனையை மூடிவிட்டு எழும்பிவிட்டேன். வாசல்வரை போனபிறகுதான் நின்றேன். சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. இவர் கண்டும் காணாதவர் போல் இருந்தார். அதற்காகவே அவருக்கு நான் கடன்பட்டவள்.

மழைக்காலம் தொடங்கியது. எங்கள் பக்கத்தில் ஐப்பசி, கார்த்திகையில் பின்னேரமானால் இடி முழங்கும். முதல் முழக்கம் கேட்டதும் இங்கே ஒவ்வொரு வீட்டிலும் எல்லோரும் ஓடி எல்லாப் பிளக்கையும் கழற்றுவார்கள். வெட்டவெளி, மின்னல் வந்தால் வயர் வழியே வீட்டுக்குள் இறங்கிவிடும். அந்தப் பெட்டியை மட்டும் அப்படிச் சட்டென்று இழுக்கக் கூடாது, முதலில் பட்டனை அமத்தி முறையாக நிற்பாட்ட வேண்டும் என்று இவர் எனக்குச் சொன்னார். அக்காவுக்குச் சொல்ல இரண்டு பேருமே மறந்துபோனோம்.

ஒரு சனிக்கிழமை நாங்கள் வவுனியாவுக்கு ஒரு கலியாண வீட்டுக்குப் போயிருந்தோம். பின்னேரம் திரும்பி வரும்போது ஸ்கந்தபுரத்தில் பெரிய இடிமழை பெய்து ஓய்ந்திருந்தது. வீட்டுக்குள் எல்லாப் பிளக்கும் கழற்றிக் கிடந்தன. எங்கள் வீட்டுக் கதவுத் திறப்பு அக்காவிடமும் ஒன்று இருந்தது. வந்து செய்திருக்கிறார் என்று சந்தோசமாக எல்லாவற்றையும் திரும்பக் கொழுவினேன். பெட்டி கீச்சுக் கீச்சென்று கத்தத் தொடங்கியது. சிவப்பு விளக்கு எரிந்தது. இவர் குனிந்து பார்த்தார். ஒரு லாச்சி இருந்த இடம் வெறுமையாக இருந்தது.

நான் செருப்பும் போடாமல் சேற்றுக்குள்ளால் அக்கா வீட்டுக்குப் போனேன்.

"டிஸ்க் எங்க?"

"என்னட்டை இருக்குது பிள்ளை. சரியான முழக்கம். ரெண்டும் ஒரே இடத்தில கிடந்து இடி விழுந்தால் எண்டு..."

நான் சொல்லி முடிக்க விடவில்லை. "ஆரைக் கேட்டு இழுத்தனி? அது கத்துது! எல்லாம் போச்சு போல! அப்பான்ர ஆல்பத்தைத் தொலைச்சனி, இப்ப அம்மாவையும் தொலைச்சுப்போட்டாய்!"

ஏழு வயது மூத்த அக்காவை அதுவரை நான் நீ என்று கூப்பிட்டதில்லை.

அக்கா உள்ளே போய் அலுமாரியைத் திறந்து, அம்மாவின் சேலை ஒன்றில் சுற்றியிருந்த டிஸ்க்கை எடுத்து வந்து என் கையில் வைத்தார். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தால் இவர் கடைக்காரரோடு தொலைபேசியில் நின்றார். ஒன்றும் போகவில்லையாம். மிஞ்சிய ஒரு டிஸ்க்கில் அம்மா முழுதாக இருக்கிறாராம். ஒன்றைக் காணவில்லை என்று சொல்லத்தான் பெட்டி கத்துகிறதாம். திரும்பப் பூட்டினால் தானே பார்த்து எழுதிக்கொள்ளுமாம். இவர் தொலைபேசியின் சத்தத்தைக் கூட்டி என் பக்கம் நீட்டினார்.

"பிளக்கை மட்டும் அப்பிடி இழுத்திருக்கக் கூடாது ரீச்சர்," என்றார் கடைக்காரர். "ஆனா டிஸ்க்கை வேற வீட்டில வைச்சது நல்ல யோசினைதான். ஒரே பெட்டிக்குள்ள ரெண்டு இருந்தாலும், பெட்டியோட போனா ரெண்டும் போயிடும். ஒரு பிரதி வேற இடத்தில இருக்க வேணும். நான்தான் அண்டைக்குச் சொல்லியிருக்க வேணும்."

அன்றைக்கு மின்னலில் எங்கள் ஒழுங்கையில் இரண்டு வீட்டுத் தொலைக்காட்சிகள் கருகிப்போயிருந்தன. மூன்று கிழமை ஆராய்ச்சி செய்த இவருக்கும், கணக்குப் படிப்பிக்கிற எனக்கும் தோன்றாதது அக்காவுக்குத் தோன்றியிருக்கிறது. அதைச் சொல்ல வந்தவரின் வாயைத்தான் நான் அடைத்தேன்.

மறுநாள் நாலு மணிக்கு அக்கா வீட்டில் அம்மாவின் குரல் கேட்கவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. பெட்டி நன்றாக வேலை செய்தது. அக்காதான் தொலைக்காட்சியைப் போடவில்லை. தண்ணீர் அள்ள வரும்போது என்னைக் கண்டால் தலையை ஆட்டிவிட்டுப் போவார். ஐந்து நாள் அப்படிப் போனது. அம்மா மறுபடியும் செத்துப்போன மாதிரி இருந்தது எனக்கு. இந்த முறை நான் செய்த வேலை அது.

ஆறாம் நாள், ரவுணுக்குப் போய் இன்னொரு டிஸ்க் வாங்கி, இவரைக் கொண்டு எல்லா வீடியோவையும் அதில் ஏற்றுவித்து, நாலு மணிக்குக் கொண்டுபோனேன். அக்கா என்னைக் கண்டதும் இன்னொரு கோப்பையில் தேத்தண்ணி ஊற்றினார். நான் அலுமாரியைத் திறந்து டிஸ்க்கை அம்மாவின் சேலைகளுக்கு நடுவில் வைத்தேன்.

"இது உங்கட. இஞ்சதான் இருக்கும்," என்றேன். "அக்கா, நான் ஆல்பத்தை இழுத்துக் கதைச்சது பிழை."

அக்கா சீனியைக் கலக்கிக்கொண்டிருந்தார். கரண்டிச் சத்தம் மட்டும் கேட்டது. அதைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியாமல், ஏதாவது கதைக்க வேண்டுமே என்று கேட்டேன்.

"அண்டைக்கு அந்த ஆல்பப் பை எப்பிடி விடுபட்டது?"

"விடுபடேல்லை. நான்தான் வைச்சனான்." அக்கா கோப்பையை என் பக்கம் தள்ளினார். "நீ காய்ச்சலோட மயங்கி விழுந்திட்டாய். அம்மாவால உன்னைத் தூக்கேலாது. உன்னை முதுகில போட வேணுமெண்டால் பையை இறக்கத்தானே வேணும். இறக்கி வைச்சிட்டுத் தூக்கினனான்."

எனக்கு ஒரு மரநிழலில் கண் விழித்தது ஞாபகம் இருக்கிறது. அந்த நிழலுக்கு எப்படி வந்தேன் என்று இத்தனை வருடத்தில் ஒருநாளும் யோசித்ததில்லை. நடந்து வந்ததாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"ஏனக்கா இவ்வளவு காலமும் எனக்குச் சொல்லேல்லை?"

"நீ இண்டைக்குத்தானே கேட்டனி," என்றார் அக்கா. "இவ்வளவு காலமும் ஏசினனி."